வெளிநாட்டு விருந்தாளிக்குத் தமிழ்நாட்டைக் காட்டுவது எப்படி

மகள் மணந்த பிரெஞ்சுக்காரரின் பெற்றோர், கணினித் திரை வழியாக மட்டுமே பழகிய ஜெர்மானிய அலுவலக நண்பர், படித்த காலத்தில் உடன் தங்கியிருந்த ஜப்பானியத் தோழி என யாராவது ஒருவர் "உங்கள் ஊரைப் பார்க்க வருகிறேன்" என்று எழுதுவது இன்று பல தமிழ்க் குடும்பங்களில் நடக்கிறது. செய்தி வந்த அன்று மாலையே நாம் ஒரு தாளை எடுத்துச் சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, புதுச்சேரி, சிதம்பரம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, ராமேசுவரம், கன்னியாகுமரி, ஊட்டி என்று எழுதத் தொடங்கிவிடுகிறோம். அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடுவதுதான் முதல் வேலை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முறை ஒரு தம்பதியரை எட்டு நாளில் பதினோரு ஊருக்கு அழைத்துச் சென்றேன். ஆறாம் நாள் ஒரு கோபுரத்தின் முன் வண்டியை விட்டு இறங்கியபோது அந்த அம்மையார் மிகுந்த தயக்கத்துடன், "இது நேற்றுக் காலையில் பார்த்த கோயிலா, மாலையில் பார்த்த கோயிலா?" என்று கேட்டார். பல்லவர் குடைந்த கல்லுக்கும் சோழர் அடுக்கிய கல்லுக்கும் நாயக்கர் பூசிய சுதைக்கும் உள்ள வேறுபாட்டை நான் ஒருமுறைகூட நின்று சொல்லாமல், அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்று விரட்டிக்கொண்டே இருந்ததன் விளைவு அது. அதன்பின் வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதனோடு ஒட்டிய ஒரு சிறிய இடம் என்றே திட்டமிடுகிறேன். எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதற்குக் கொடுக்கும் கவனத்தை, எந்த மணிக்குப் போகிறோம் என்பதற்கும் கொடுக்கிறேன்.

எப்போது வரச் சொல்வது

விருந்தாளி மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை உங்களிடம் விட்டால், டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி முடியும் வரையிலான காலத்தைச் சொல்லுங்கள். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் நடுப்பகுதி வரை கடலோர மாவட்டங்களில் எந்த நாளையும் வீணாக்கிவிடக்கூடும்; ஏப்ரல், மே மாதங்களின் வெயிலோ நமக்கே ஆகாது. சென்னையில் டிசம்பர் நடுவில் தொடங்கும் இசைவிழாவுக்கு இணையாக உலகில் வேறு எங்கும் ஒரே நகரில் இத்தனை மேடைகளில் இத்தனை கச்சேரிகள் நடப்பதாக எனக்குத் தெரியவில்லை. இசை தெரியாத விருந்தாளியையும் ஒரு பிற்பகல் கச்சேரிக்கு அழைத்துச் செல்லலாம். இளம் கலைஞர்கள் பாடும் அந்நேரக் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணம் இருப்பதில்லை, பிடிக்கவில்லையெனில் எழுந்து சபாவின் கேன்டீனுக்குப் போய்விடலாம்.

பொங்கலுக்கு வருகிறவர்களுக்குத் தெருவெங்கும் கோலமும் கரும்பும் காணக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வாரத்தில் ரயிலும் பேருந்தும் நிரம்பி வழியும் என்பதால், ஓர் ஊரிலேயே அசையாமல் தங்குவதற்கு ஒப்புக்கொள்பவரை மட்டும் அப்போது அழையுங்கள். ஜல்லிக்கட்டைப் பார்க்க விரும்புவோருக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய மூன்றும் பொங்கலை ஒட்டி அடுத்தடுத்த நாள்களில் வருகின்றன. அலங்காநல்லூரில் வெளிநாட்டினருக்கென்று தனி மேடை அமைப்பது வழக்கமாக இருக்கிறது. மதுரைச் சித்திரைத் திருவிழாவைப் பொறுத்தவரை, அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் கூட்டத்தையும் வெப்பத்தையும் தாங்கும் உடல்வலிமை இருப்பவருக்கு அதைவிடப் பெரிய காட்சி இல்லை. மற்றவர்களுக்கு அதைத் தொலைக்காட்சியில் காட்டுவதே நல்லது.

வருமுன் சொல்லவேண்டியவை

பெரும்பாலான நாட்டினர் மின்னணு விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அரசின் தளத்தைப் போலவே தோற்றமளித்து, பல மடங்கு கட்டணம் பிடுங்கும் போலித் தளங்கள் ஏராளமாக இருப்பதால், 'gov.in' என்று முடியும் உண்மையான முகவரியை நீங்களே தேடி அனுப்பிவிடுங்கள். மலையேறும் பழக்கமுள்ளவர்கள் கையோடு கொண்டுவரும் செயற்கைக்கோள் தொலைபேசியையும், அதே வழியில் செய்தி அனுப்பும் சிறு கருவியையும் முன் அனுமதி இல்லாமல் நம் நாட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்தில் இதற்காகவே காவல்துறையிடம் சிக்கிய பயணிகள் உண்டு. மின்சிகரெட்டும் 2019 முதல் இங்கே தடைசெய்யப்பட்ட பொருள். இவ்விரண்டையும் ஒரு வரியில் முன்னதாகவே எழுதிவிடுவது நல்லது.

விருந்தாளி விடுதியில் தங்கினால் அவருடைய கடவுச்சீட்டு விவரங்களை விடுதியினரே குடிவரவுத் துறைக்குப் பதிவு செய்துவிடுவார்கள். உங்கள் வீட்டிலேயே தங்கவைத்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது என்பது பலருக்கும் தெரிவதில்லை. 'சி படிவம்' என்ற பெயரில் அறியப்பட்டுவரும் இந்தப் பதிவை, அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தின் வழியே செய்ய வேண்டும். முதன்முறை பயனர் கணக்கு உருவாக்கி ஒப்புதல் பெறுவதற்குச் சில நாள்கள் பிடிக்கக்கூடும் என்பதால், அவர் விமானம் ஏறும் வரை காத்திராமல் முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. உள்ளூர்க் கைப்பேசி எண் இல்லாமல் இங்கே எதையும் பதிவு செய்வது பெரும்பாடு என்பதால், பயணச்சீட்டு எல்லாவற்றையும் உங்கள் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. காய்கறி வண்டிக்காரர்கூட கியூஆர் அட்டையை நீட்டும் ஊரில் அயல்நாட்டு வங்கி அட்டை மட்டும் வைத்திருப்பவர் தேநீர் குடிக்க முடியாமல் நிற்கவேண்டி வரும். முதல் நாளே அவருக்குப் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

தாஜ்மகாலைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை, ஆனால் அது வேறு பயணம். சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறந்து, ஆக்ராவுக்குச் சாலையில் போய்த் திரும்புவதற்குள் மூன்று நாள்கள் போய்விடும், வெள்ளிக்கிழமையென்றால் தாஜ்மகால் மூடியிருக்கும். அதைப் பயணத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ அவரே தனியாக வைத்துக்கொள்ளட்டும்.

வழியும் நாளும்

பதினோரு இரவுகள் கிடைத்தால், சென்னையில் இரண்டு, மாமல்லபுரத்தில் இரண்டு, புதுச்சேரியில் ஒன்று, கும்பகோணத்தில் மூன்று, செட்டிநாட்டில் ஒன்று, மதுரையில் இரண்டு என்று பிரித்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். கடற்கரையை ஒட்டி இறங்கி, காவிரிக் கழிமுகத்தில் சற்று நின்று, வறண்ட நிலத்தின் வழியே மதுரையை அடையும் இந்தப் பாதையில் நிலமும் வீடும் உணவும் மாறிக்கொண்டே வருவதை விருந்தாளி தாமாகவே கவனிப்பார். எட்டு இரவுகளே உள்ளனவென்றால் புதுச்சேரியையும் சென்னையின் ஓர் இரவையும் எடுத்துவிட்டு, கும்பகோணத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். விமானத்தில் வந்த களைப்போடு இருப்பவருக்குச் சென்னையின் இரைச்சல் முதல் நாளே உவப்பாக இருக்காது. விமான நிலையத்திலிருந்து நேராக மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்று, சென்னையைக் கடைசியில் வைத்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடுதான்.

சென்னையில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் காட்சிக்கூடம், மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலும் அதைச் சுற்றிய மாடவீதிகளும், சாந்தோம் பேராலயம் ஆகிய மூன்றும் போதுமானவை. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மயிலாப்பூருக்கு மாலை ஐந்தரை மணிக்குமேல் போங்கள்; பூக்கடையும் காய்கறிக்கடையும் பாத்திரக்கடையும் விளக்கேற்றிக்கொண்டிருக்கும் அந்த வேளையில் விளக்கம் எதுவும் சொல்லாமல் நடந்தாலே போதும்.

மாமல்லபுரத்தில் விருந்தாளி சந்திக்கும் முதல் அதிர்ச்சி சிற்பம் அன்று, கட்டணம். தொல்லியல் துறையின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இந்தியருக்கு 40 ரூபாயும் வெளிநாட்டினருக்கு 600 ரூபாயும் வாங்கப்படுகின்றன. இலங்கை, நேபாளம் உள்ளிட்ட சார்க், பிம்ஸ்டெக் நாட்டினர் இந்தியருக்குரிய கட்டணத்தையே செலுத்தலாம், பதினைந்து வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. சீட்டு வாங்கும் சாளரத்தில் இதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள், முந்தைய நாள் இரவே சொல்லிவிட்டால் பெரும்பாலும் சுளிப்பதில்லை. ஒரே சீட்டில் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்க்கலாம் என்பதால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இங்கே காலை ஆறரை மணியும் மாலை நான்கரை மணியும்தான் பார்க்கத்தக்க வேளைகள். காலையில் பாகீரதன் தவம் என்றும் அர்ச்சுனன் தவம் என்றும் சொல்லப்படும் பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தின் முன் விருந்தாளியை நிறுத்துங்கள். எது சரியான பெயர் என்று தீர்ப்புச் சொல்லவேண்டாம். பாறையின் நடுவிலுள்ள பிளவில் நாகர்கள் நீந்துவதையும், ஒற்றைக்காலில் நின்று கைதூக்கித் தவம் செய்யும் மனிதரையும், கீழே அவரைப் போலவே பின்னங்கால்களில் நின்று கைதூக்கியிருக்கும் பூனையையும், அதைச் சுற்றியுள்ள எலிகளையும் காட்டிவிட்டு, கங்கை இறங்கிவரும் கதையையும் பாசுபதம் பெற்ற கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். இரண்டில் எது என்று அவரே வாதிடத் தொடங்குவார். அந்தப் பூனையை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சிற்பியின் கேலி, மொழியும் சமயமும் தெரியாத ஒருவருக்கும் புரிந்து சிரிப்பை வரவழைப்பதை நான் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன்.

ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை என்பதைச் சொல்லிவிட்டு, திரௌபதி ரதத்தின் கூரை ஓலைக் குடிசையின் கூரையைப் போலவே செதுக்கப்பட்டிருப்பதைக் காட்டுங்கள். மரத்திலும் ஓலையிலும் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கல்லுக்கு மாறிய நேரம் அது. பிறகு ஊருக்குள் உளிச்சத்தம் கேட்கும் ஏதேனும் ஒரு சிற்பக்கூடத்துக்குள் நுழைந்தால், அந்தத் தொழில் இன்றும் நின்றுவிடவில்லை என்பது கண்ணெதிரே தெரியும்.

புதுச்சேரியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஐரோப்பிய விருந்தாளிக்கு அங்குள்ள பிரெஞ்சுத் தெருக்கள் நமக்கு இருப்பதைப் போல அவ்வளவு வியப்பாக இருப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். கால்வாய்க்கு மேற்கே உள்ள தமிழ்த் தெருக்களின் திண்ணை வீடுகளையே அவர்கள் அதிகம் படமெடுக்கிறார்கள். ஆரோவில்லின் மாத்ரி மந்திருக்குள் செல்ல முன்பதிவு வேண்டும். இல்லையெனில் தொலைவிலுள்ள பார்வை மேடையோடு திரும்ப வேண்டியதுதான்.

சோழநாட்டில் மூன்று இரவுகள்

பயணத்தின் நடுப்பகுதிதான் கனமானது. இங்கே அவசரப்பட்டால் மற்றெல்லாம் வீண். புதுச்சேரியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டுச் சிதம்பரத்தில் காலைப் பூசையைப் பார்த்துவிட்டு, நண்பகல் ஓய்வுக்குப் பின் கங்கைகொண்ட சோழபுரம் வழியாகக் கும்பகோணம் சேரலாம். நம் கோயில்கள் பெரும்பாலும் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி மாலை நான்கு மணிக்கே திறக்கின்றன. நமக்குப் பழகிப்போன இந்த ஒழுங்கை மறந்துவிட்டு, ஒரு மணி வெயிலில் பூட்டிய கதவின்முன் விருந்தாளியை நிறுத்திவைப்பது நாம் செய்யும் மிகப் பொதுவான பிழை. அந்த நான்கு மணி நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் உரியது.

மறுநாள் காலை சுவாமிமலையில் தொடங்குங்கள். அங்குள்ள வார்ப்புப் பட்டறைகளில் முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளிவரும் என்பதால் ஒரு வார்ப்பில் ஒரு சிலைதான். இதைக் கண்ணால் பார்த்தபின் தஞ்சை அரண்மனையிலுள்ள கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பொ.ஆ. 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் என்னும் சிவனின் வெண்கலச் சிலை அங்கே இருக்கிறது; அவர் சாய்ந்திருந்த காளை இப்போது இல்லாமல், அதன்மேல் ஊன்றியிருந்த கை மட்டும் காற்றில் நிற்கிறது. பட்டறைக்குப் போகாமல் நேரே இங்கே வந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். பட்டறையைப் பார்த்துவிட்டு வந்தவர்களை அழைத்து வெளியேற்றவேண்டியிருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாலை நான்கரைக்கு வந்து, இருட்டும் வரை இருங்கள். ஏறத்தாழ 66 மீட்டர் உயரமுள்ள விமானத்தின்மேல் சாய்வெயில் விழுந்து, கல்லின் நிறம் மாறிக்கொண்டே வரும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஈடாக இந்தப் பயணத்தில் வேறொன்றும் இல்லை. வழிகாட்டிகளும் ஆட்டோ ஓட்டுநர்களும் இங்கே விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும், உச்சியிலுள்ளது எண்பது டன் எடையுள்ள ஒற்றைக்கல் என்றும் சொல்வார்கள். நிழல் விழுவதை விருந்தாளி தம் கண்ணாலேயே பார்ப்பார். உச்சிக்கல்லோ பல கற்கள் சேர்ந்தது. உண்மையே போதுமான வியப்பாக இருக்கும் இடத்தில் கட்டுக்கதை எதற்கு என்று எனக்கு எரிச்சல் வருவதுண்டு.

கதை சொல்லத்தான் வேண்டுமென்றால் கல்வெட்டைச் சொல்லுங்கள். 1010-இல் பணி நிறைவுற்ற இந்தக் கோயிலுக்கு "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்" மற்றவர்கள் கொடுத்தவையும் கல்லிலே வெட்டப்பட வேண்டும் என்று இராசராசன் ஆணையிட்டதையும், தன் அக்காள் குந்தவையைத் தனக்கு அடுத்ததாக அவன் சொல்வதையும் எடுத்துக் கூறலாம். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயிலில் ஆடும் பணிசெய்த பெண்களின் பெயர், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள், ஆண்டுக்கு எத்தனை கலம் நெல் பெற்றார்கள் என்பதெல்லாம் அதே சுவரில் இருக்கின்றன. விருந்தாளியின் கையை மெல்ல எடுத்துச் சுவரின் அடித்தளத்திலுள்ள எழுத்துகளின் அருகே காட்டி, உங்களால் முடிந்தால் ஒரு சொல்லை வாசித்துக் காட்டுங்கள். ஆயிரம் ஆண்டு கடந்த எழுத்தில் 'உடையார்' என்றோ 'ஸ்ரீ' என்றோ தட்டுத்தடுமாறிப் படிக்க முடிகிறது என்பதே அவரை நெடுநேரம் நிறுத்திவைக்கும். வாசலிலுள்ள பெரிய நந்தி பிற்காலத்தது என்பதையும், கருவறையைச் சுற்றிய உள்நடையிலுள்ள சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் பார்க்க இயலாது என்பதையும் முன்னரே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

மூன்றாம் நாளுக்குத் தாராசுரம் மட்டும் போதும். பெரிய கோயிலின் பிரமாண்டத்துக்குப் பின் இந்தச் சிறிய கோயிலின் நுணுக்கம் தனியாகத் தெரியும். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தில் ஒரு பாதியைக் கையால் மறைத்துக் காட்டுவது குழந்தைகளோடு வருவோருக்கு ஏற்ற விளையாட்டு.

கோயில் வாசலில் எழும் சங்கடங்கள்

பல கோயில்களில் 'இந்துக்கள் மட்டும்' என்ற பலகை கொடிமரத்தை அடுத்தோ கருவறைக்கு முன்னுள்ள வாயிலிலோ இருக்கும். கோயிலுக்குக் கோயில் எல்லை மாறும். இதைப் பலகையின் முன் நின்று விளக்குவது இருவருக்கும் கூச்சமாக இருக்கும் என்பதால், காலை உணவின்போதே "இன்ன இடம் வரை நாம் சேர்ந்து போகலாம், அதற்கப்பால் நான் மட்டும் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவேன்" என்று சொல்லிவிடுங்கள். விதியை மறைத்து எப்படியாவது உள்ளே அழைத்துச் சென்றுவிடும் உள்ளூர் உதவியாளர்களின் பேச்சைக் கேட்கவேண்டாம். நடுவில் ஒருவர் தடுத்தால் அவமானப்படுபவர் உங்கள் விருந்தாளி.

தோளும் முழங்காலும் மறையும் பருத்தி உடை எல்லா இடத்துக்கும் பொருந்தும். சில கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றவேண்டியிருக்கும். நாம் வெறுங்காலில் ஓடிப் பழகிய கல்தளம், பிப்ரவரி மாதத்துப் பதினொரு மணிக்கே அவர்களுடைய பாதத்தைக் கொப்பளிக்கவைத்துவிடும். ஒரு பழைய காலுறையைப் பையில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் யாரும் மறுப்பதில்லை. கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அதற்கு முன்பிருந்தே தடை கண்டிப்பாக நடைமுறையில் உள்ளது. காப்பகத்தில் ஒப்படைத்துச் சீட்டு வாங்குவதற்கான நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

உணவு

காரத்தைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். உண்மையான சிக்கல்கள் வேறு. கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் இட்லி, தோசை, சாம்பார் ஆகியவற்றை அச்சமின்றிச் சாப்பிடலாம் என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், சாம்பாரும் ரசமும் அது இல்லாமல் இல்லை. வேர்க்கடலை, எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. விலங்குப் பொருள் எதையும் உண்ணாதவருக்குச் 'சைவம்' என்ற சொல் போதாது. நெய், தயிர், பால் ஆகிய மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வாமையின் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி விருந்தாளியிடம் கொடுத்துவிட்டால், நீங்கள் உடன் இல்லாத வேளையிலும் அது பேசும்.

கூட்டம் நிறைந்து, சுடச்சுடத் தீர்ந்துகொண்டிருக்கும் சிறிய கடை, காலியாகக் கிடக்கும் பெரிய விடுதியின் நீண்ட உணவு வரிசையைவிடப் பாதுகாப்பானது. குடிநீரை மூடி உடையாத புட்டியில் மட்டுமே குடிக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் இட்லி, இடியாப்பம், தயிர்சோறு, இளநீர் என்று தொடங்கி, இலைச்சாப்பாட்டை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். இலையை மூடினால்தான் பரிமாறுவதை நிறுத்துவார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரியாதைக்காக மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டு தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

செட்டிநாடும் மதுரையும்

காரைக்குடிப் பகுதியில் பழைய நகரத்தார் வீடுகள் சில விடுதிகளாக மாற்றப்பட்டுள்ளன. அவற்றில் ஓர் இரவு தங்குவதே அங்கு செய்யத்தக்கது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருள் தேக்குத் தூணாகவும் பளிங்காகவும் இந்த வறண்ட சீமைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை முற்றத்தில் உட்கார்ந்து சொல்லலாம். காலையில் ஆத்தங்குடிக்குப் போனால் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையாலேயே தரைக்கல் செய்வதைப் பார்க்கலாம். சூளை கிடையாது, நீரிலும் வெயிலிலும் இறுகுவதுதான்.

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் ஒரு எச்சரிக்கை தேவை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்ல 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. புதிதாக வார்த்த வெண்கலச் சிலைகூடப் பழமையாகத் தோன்றினால் விமான நிலையத்தில் நிறுத்தப்படலாம் என்பதால், செய்தவரின் விலைப்பட்டியலையும், தேவைப்படின் அது தொல்பொருள் அன்று என்று தொல்லியல் துறை தரும் சான்றையும் வாங்கிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சான்று பெற நாளாகும் என்பதால் கடைசி ஊரில் சிலை வாங்குவது சரிவராது.

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு இருமுறை போகவேண்டும். காலையில் போனால் பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, கோபுரங்களின் சுதைச் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டு, கல்யாணக் கூட்டத்தையும் மொட்டையடித்த குழந்தைகளையும் கவனிக்கலாம். இரவு ஒன்பது மணியளவில் மீண்டும் போனால், சொக்கநாதரின் திருவடிகளைப் பல்லக்கில் ஏற்றி, சாமரமும் புகையும் இசையும் சூழ அம்மன் சந்நிதியிலுள்ள பள்ளியறைக்கு எடுத்துச் செல்வதை வெளிப்பிராகாரத்திலிருந்தே பார்க்கலாம். கணவர் இரவு வீடு திரும்புகிறார் என்று ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும்.

காந்தியைப் பற்றி அறியாத வெளிநாட்டவர் அரிது. ஆனால் அவர் மேற்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பரில் இந்த மதுரையில்தான் என்பது நம்மிலேயே பலருக்குத் தெரியாது. இராணி மங்கம்மாள் அரண்மனையில் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதிக்கறை படிந்த ஆடை இருக்கிறது. மேலும் அரை நாள் இருந்தால் 2023-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். விடியற்காலையில் எழக்கூடியவராக இருந்தால், மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகையைக் குவியல் குவியலாக நிறுத்து விற்பதைக் காட்டுங்கள்; பூ வாங்காவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ரயில் பைத்தியம் பிடித்தவராக இருந்தால் மட்டும் நீலகிரி மலை ரயிலுக்காக மூன்று நாளைத் தனியே ஒதுக்குங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டரை ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும் அந்த வண்டி, குன்னூர் வரையிலான செங்குத்துப் பகுதியில் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. இடம் கிடைப்பது அரிது, மழைக்காலத்தில் மண்சரிவால் ஓட்டம் நிறுத்தப்படும். சாலைவழியே உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்வோர் இ-பாஸ் எடுக்கவேண்டும். வெளிநாட்டினர் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு அதைப் பெறலாம்.

கடைசி நாளுக்குத் திட்டம் எதையும் வைக்காதீர்கள். அதுவரை பார்த்ததில் எதை மீண்டும் பார்க்க விரும்புகிறார் என்று கேட்டு, அது ஒரு தேநீர்க்கடையாகவே இருந்தாலும் அங்கே அழைத்துச் செல்லுங்கள். பெட்டி கட்டும்போது அருகிலிருந்து, ஊறுகாய்ப் புட்டியைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பெரிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கோயிலில் உடைத்த தேங்காயை நினைவாகக் காயவைத்து எடுத்துச்செல்ல நினைத்தால், கொப்பரையை விமானத்தில் அனுமதிப்பதில்லை என்று சொல்லி அதை உங்கள் சமையலறைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.